நட்சத்திரம் உறங்கும் இடத்துக்கு முகவரி: ரசிகர் பார்வையில் 'ஃபைண்ட் எ கிரேவ்' தளம்

பிடித்த நடிகர் இறந்துபோன முதல் வாரத்தில் ரசிகருக்குத் துணைக்குக் குறைவில்லை. எல்லாத் திரையிலும் அவர் முகம்தான். யாரோடு பேசினாலும் பேச்சு அவரிடமே வந்து நிற்கும். கஷ்டம் இரண்டாவது மாதத்தில்தான் தொடங்கும். ஊர் அடுத்த செய்திக்குப் போய்விடும், துக்கம் மட்டும் போக்கிடம் இல்லாமல் நிற்கும். உறவுக்காரர் என்றால் எங்கே அடக்கம் ஆனது, எந்த நாளில் போய் விளக்கேற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். ரசிகருக்கு அதைச் சொல்ல ஆள் கிடையாது. அந்தக் கேள்விக்குப் பதில் தருகிற சேவைகளில் மிகப் பெரியது 'ஃபைண்ட் எ கிரேவ்' இணையதளம். நடிகர்களுக்காகத் துக்கப்படுகிறவர்களுக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே கைவிடும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இது வேறு வகையில் பயன்படும், அது தனிக் கதை.

ஜிம் டிப்டன் என்பவர் 1995இல் இதைத் தொடங்கினார். பிரபலங்களின் கல்லறைகளைத் தேடிப் போவதில் அவருக்கு இருந்த ஆர்வம்தான் விதை. சாதாரண மக்களின் கல்லறைகள் பிறகுதான் சேர்ந்தன. 2013இல் குடும்ப வரலாற்று நிறுவனமான ஆன்செஸ்ட்ரி இதை வாங்கியது. இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. இந்தப் பின்னணி தெரிந்தால் தளத்தின் குணம் புரியும்: பிறந்தது ரசிகனுக்காக, வளர்ந்தது வம்சாவளி தேடுகிறவர்களுக்காக. அதனால்தான் ஒரு நடிகரின் பக்கத்தைத் திறந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணை என்று உறவுப் பட்டியல் விரிவாக இருக்கும், அவர் நடித்த படங்களைப் பற்றியோ நாலைந்து வரிதான் இருக்கும். படப்பட்டியல் வேண்டுமென்றால் இங்கே வரக்கூடாது.

பார்ப்பதற்குக் கணக்கு தேவையில்லை. மலர் வைக்க, படம் ஏற்ற, திருத்தம் சொல்ல மட்டும் மின்னஞ்சல் கொடுத்து இலவசக் கணக்கு தொடங்க வேண்டும். விளம்பரங்கள் உண்டு. யாராவது பணம் கட்டி ஒரு பக்கத்துக்கு ஆதரவாளர் ஆனால் அந்தப் பக்கத்தில் மட்டும் விளம்பரம் மறையும். கைபேசிச் செயலியும் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்குள் நடக்கும்போது செயலி வசதி, உட்கார்ந்து தேடுவதற்குக் கணினித் திரைதான் சிறந்தது.

தேடும்போது எல்லோரும் செய்கிற முதல் தவறு, பெயரை மட்டும் போட்டுத் தேடுவது. ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீனின் பெயரைப் போட்டால் அந்தப் பெயரில் உலகத்தில் இறந்த எல்லோரும் வரிசையில் வருவார்கள். தேடல் படிவத்தில் 'ஃபேமஸ்' என்ற தெரிவு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் சில பெயர்களாகச் சுருங்கும். இறந்த ஆண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. பிரபலங்களின் பக்கங்களைத் தளத்தின் ஊழியர்களே பராமரிக்கிறார்கள் என்பதால் அவற்றில் பிழை குறைவு. ஆனால் 'ஃபேமஸ்' முத்திரை எல்லா நடிகருக்கும் கிடைப்பதில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் பத்துப் பதினைந்து வருடம் பக்கத்து வீட்டுக்காரராக வந்துபோன துணை நடிகர் சாதாரணப் பதிவுகளுக்கு நடுவே கிடப்பார். முதல் தேடலில் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தெரிவை எடுத்துவிட்டு, பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் கொடுத்து மறுபடி தேடுங்கள். அதிலும் வரவில்லை என்றால் இயற்பெயரில் தேடுங்கள்.

இயற்பெயர் கல்லிலும் குழப்பும். ஊமைப்பட நாயகன் ருடால்ஃப் வாலன்டினோவின் கல்லறை அறையின் முகப்பில் 'ரொடோல்ஃபோ குக்லியெல்மி வாலன்டினோ' என்று பொறித்திருக்கிறது. திரைப்பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் கண் தவறவிட வாய்ப்பு உண்டு. கிளம்பும் முன் பக்கத்தில் உள்ள கல்லறைப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, கல்லில் எந்தப் பெயர், என்ன நிறக் கல், நிற்கும் கல்லா தரையோடு பதிந்த தகடா என்று பார்த்துக்கொள்வது அரை மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு 'பிளாட்' என்ற ஒரே வரியில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் பெயரை எந்தச் செய்தித்தாளும் சொல்லும். தோட்டத்துக்குள் எந்தப் பகுதி, எந்தக் கட்டடம், எந்த எண் என்பதை இங்கேதான் சொல்வார்கள். வாலன்டினோவுக்கு ஹாலிவுட் ஃபார்எவர் கல்லறைத் தோட்டம், கதீட்ரல் மாளிகை (சவப்பெட்டிகளைச் சுவர் அறைகளில் வைக்கும் கட்டடம்), அறை எண் 1205. மர்லின் மன்றோவுக்கு வெஸ்ட்வுட் வில்லேஜ் நினைவுப் பூங்கா, 'காரிடார் ஆஃப் மெமரீஸ்', எண் 24. பெட்டி டேவிஸுக்கு ஹாலிவுட் ஹில்ஸில் உள்ள ஃபாரஸ்ட் லான், 'கோர்ட்ஸ் ஆஃப் ரிமெம்பரன்ஸ்' வளாகத்தின் வெளிப்புறம், வெள்ளைக் கல் பேழை. இந்த வரியைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கனமான சுவர்களுக்கு நடுவே கைபேசி சமிக்ஞை இல்லாமல் போவது சகஜம்.

வரியைப் படிக்கும் முறை வெளியிலிருந்து உள்ளே: முதலில் பகுதியின் பெயர், அடுத்து மனை எண், கடைசியில் அந்த மனைக்குள் இருக்கும் இட எண். மாளிகைக் கல்லறை என்றால் கட்டடம், நடைக்கூடம், அறை எண் என்று போகும். திறந்த புல்வெளியில் எண்கள் பாதையோர விளிம்புக்கல்லிலோ தரையில் பதித்த சிறு வட்டத் தகட்டிலோ இருக்கும். ஒரு தகட்டைக் கண்டுபிடித்துவிட்டால் எண் ஏறுகிற திசை தெரிந்துவிடும், அப்புறம் எண்ணிக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

'ஜிபிஎஸ் இருக்கிறதே, எண் எதற்கு' என்று கேட்கத் தோன்றும். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் இடக்கணிப்பு ஏறத்தாழ 5 மீட்டர் முன்பின் இருக்கும். 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 78 சதுர மீட்டர். ஒரு கல்லறைக்கு 1 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம் என்று வைத்தால் அந்த வட்டத்துக்குள் 30 கல்லறைகள் அடங்கும். எல்லாம் ஒரே அளவு வெண்கலத் தகடாக இருந்துவிட்டால் புள்ளி காட்டும் இடத்தில் நின்றும் ஆளைக் காண முடியாது. கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் அறவே உதவாது. இன்னொன்று: சில பதிவுகளில் உள்ள புள்ளி கல்லறையினுடையது அல்ல, படத்தை ஏற்றியவர் அப்போது நின்ற இடத்தினுடையது. வாயிலருகே நின்று ஏற்றியிருந்தால் வாயிலையே காட்டும். புள்ளியைப் பகுதிவரை போக மட்டும் நம்புங்கள், அதற்கு மேல் மனை எண்ணை நம்புங்கள்.

போய்ச் சேர்ந்தபின் உள்ளே விடுவார்களா என்பதைத் தளம் எப்போதும் சொல்வதில்லை. இது பெரிய குறை. ஹாலிவுட் ஃபார்எவரில் நட்சத்திரங்களின் இடம் குறித்த வரைபடத்தையே விற்கிறார்கள், வருகிறவர்களை வரவேற்கிறார்கள். கிளெண்டேலில் உள்ள ஃபாரஸ்ட் லான் நேர் எதிர். நடிகர்களின் கல்லறைக்கு வழி கேட்டால் ஊழியர்கள் சொல்ல மாட்டார்கள். அங்குள்ள பெரிய மாளிகைக் கல்லறையின் பொதுப் பகுதியில் எலிசபெத் டெய்லரின் இடத்தைப் பார்க்கலாம், அதே கட்டடத்தில் கிளார்க் கேபிள் இருக்கும் பகுதி பொதுமக்களுக்கு மூடப்பட்டது. ஹம்ஃப்ரி போகார்ட்டின் அஸ்தி வைத்திருக்கும் 'கார்டன் ஆஃப் மெமரி' தோட்டமும் பூட்டுக்குள் இருக்கிறது, அங்கே இடம் வாங்கிய குடும்பங்களிடம்தான் சாவி. தளத்தில் மனை எண் துல்லியமாக இருக்கும், பூட்டு இருப்பது சில பக்கங்களில் எழுதியிருக்காது. பயணத்துக்குச் செலவு செய்யும் முன் தோட்டத்தின் அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நடிகரின் பெயரைச் சொல்லாமல், 'இந்தப் பகுதி பார்வையாளருக்குத் திறந்ததா, எத்தனை மணிவரை' என்று மட்டும் கேளுங்கள். பதில் கிடைக்கும்.

பழைய தகவல் இன்னொரு பொறி. ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்ட் 1969 ஜூன் 22 அன்று லண்டனில் இறந்தார். அவரை நியூயார்க் மாநிலத்தின் ஹார்ட்ஸ்டேலில் உள்ள ஃபெர்ன்கிளிஃப் கல்லறை மாளிகையில் வைத்தார்கள். 2017இல் குடும்பம் அவரை ஹாலிவுட் ஃபார்எவருக்கு மாற்றியது. அதற்கு முன் அச்சான எந்த வழிகாட்டியை நம்பிப் போனாலும் நாட்டின் தவறான கரையில் நிற்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட பெரிய மாற்றங்களை ஃபைண்ட் எ கிரேவ் சீக்கிரமே திருத்திவிடுகிறது, அச்சு நூல்களைவிட இது மேல் என்பதற்கு இதுவே போதும். எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய இந்தி நடிகை மதுபாலா அடக்கமான மும்பை ஜுஹு கல்லறைத் தோட்டத்தில் இடப் பற்றாக்குறையால் 2010இல் பழைய கல்லறைகளை இடித்துச் சமப்படுத்தினார்கள். அவருடையதும் அதில் போனது. இணையத்தில் படம் இருக்கிறது என்பதால் இடத்தில் கல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. படம் ஏற்றிய தேதியைப் பாருங்கள், கடைசி ஐந்து வருடத்தில் யாராவது ஏற்றிய படம் இருந்தால்தான் நம்பிக் கிளம்பலாம்.

கல்லே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஜான் வேய்ன் 1979இல் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கல்லறையில் பெயர்ப்பலகை கிடையாது. ஜார்ஜ் சி. ஸ்காட் வெஸ்ட்வுட்டில் பெயர் பொறிக்காத இடத்தில் இருக்கிறார். இதைப் பார்த்து ரசிகர்கள் குடும்பத்தின் மேல் கோபப்படுவதுண்டு. சாப்ளினுக்கு நடந்ததை நினைத்தால் கோபம் அடங்கும். 1977 டிசம்பர் 25 அன்று இறந்து சுவிட்சர்லாந்தில் அடக்கமான அவருடைய சவப்பெட்டியை 1978 மார்ச்சில் தோண்டி எடுத்துப் பணம் கேட்டு மிரட்டினார்கள். மே மாதம் ஒரு வயலில் கண்டெடுத்து, மறுபடி புதைத்தபோது கான்கிரீட் போட்டு மூடினார்கள். ஜேம்ஸ் டீனின் கல்லறைக் கல்லும் திருடு போயிருக்கிறது. அன்பும் பேராசையும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வரும் என்பது குடும்பங்களுக்குத் தெரியும். பெயர் போடாமல் விட்ட இடத்தின் மனை எண்ணைத் தோண்டித் துருவி வெளியிடுவது ரசிகரின் வேலை அல்ல.

தகனம் ஆனவர்களுக்கு இந்தத் தளம் என்ன தருகிறது? 'அடக்கம்' என்ற இடத்தில் தகனம், அஸ்தி கரைக்கப்பட்டது, குடும்பத்திடம் உள்ளது, விவரம் தெரியவில்லை என்பதில் ஏதாவது ஒன்று இருக்கும். 'சினோடாஃப்' என்று போட்டிருந்தால் அங்கே இருப்பது நினைவுக்கல் மட்டும், உடலோ அஸ்தியோ வேறிடத்தில் என்று பொருள். இந்தச் சொல்லைக் கவனிக்காமல் நினைவுக்கல்லைக் கல்லறை என்று நினைத்துப் பயணம் போகிறவர்கள் உண்டு. ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்ட் 11 அன்று இறந்தார், அஸ்தியை சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் கரைத்துவிட்டார்கள். தளத்தைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

ரசிகர்களுக்கு அத்தோடு முடியவில்லை. பாஸ்டன் பூங்காவில் அவர் ஒரு படத்தில் உட்கார்ந்து பேசிய பெஞ்சைத் தேடிப் போய் மலரும் எழுத்தும் வைத்தார்கள். 'ஹாரி பாட்டர்' படங்களில் நடித்த ஆலன் ரிக்மன் 2016 ஜனவரி 14 அன்று இறந்தபோது லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் 'ஒன்பதே முக்கால்' நடைமேடைப் பலகையின் அடியில் பூக்கள் குவிந்தன. ஹாங்காங் நடிகர் லெஸ்லி சியுங் 2003 ஏப்ரல் 1 அன்று அங்குள்ள மாண்டரின் ஓரியண்டல் விடுதியில் இறந்தார். இன்றும் ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் அந்த விடுதி வாசலில்தான் ரசிகர்கள் மலர்க்கொத்தோடு வருகிறார்கள். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் நடித்த மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28 அன்று மறைந்ததும் நியூயார்க்கில் 90 பெட்ஃபோர்ட் தெருவில் கூட்டம் கூடியது. தொடரின் படப்பிடிப்பு நடந்தது கலிஃபோர்னியாவின் பர்பாங்கில், அந்த நியூயார்க் கட்டடம் வெளித்தோற்றத்துக்கு மட்டும் பயன்பட்டது. அது யாருக்கும் பொருட்டாகவே இல்லை. உடல் எங்கே என்று ஃபைண்ட் எ கிரேவுக்குத் தெரியும், மனம் எங்கே கூடுகிறது என்று தெரியாது. இந்த இடைவெளியை நிரப்ப அதில் வசதியே இல்லை என்பது என் கணக்கில் அதன் முதல் குறை. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: பெட்ஃபோர்ட் தெருக் கட்டடத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவை மறிக்காமல், மெழுகுவர்த்தி ஏற்றாமல், மரத்தடியில் பூவை வைத்துவிட்டு நகர்வதே முறை.

இனி 'மலர் வைக்கும்' வசதி. நேரில் போக முடியாத ரசிகர் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். கணக்கில் நுழைந்து, நடிகரின் பக்கத்தில் மலர்ப் பகுதிக்குப் போய், ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, குறிப்பு எழுதி, பெயரோடு அல்லது பெயர் இல்லாமல் பதிவு செய்யலாம். தேதி தானாக விழும். பிடிக்கவில்லை என்றால் நாமே நீக்கிக்கொள்ளலாம். பணம் கிடையாது. பிரபலங்களின் பக்கங்களில் மலர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும், நாம் வைத்தது சில நிமிடத்தில் கீழே போய்விடும். குறிப்புதான் மலரை உயிரோடு வைக்கிறது. 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்ற ஒரே வரி நூறு முறை வரும் இடத்தில், 'நீங்கள் அந்த மருத்துவமனைக் காட்சியில் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைத் துடைத்தீர்களே, அதற்கு நன்றி' என்று எழுதினால் அடுத்து வருகிற ரசிகர் நின்று படிப்பார். தமிழில் எழுதலாமா என்றால், தாராளமாக. அவர் நமக்கும் நடிகர்தான்.

மலர் வைக்கும் பொத்தானே சில பக்கங்களில் இருக்காது. தொடர்ந்து வசை எழுதப்பட்டதால் அந்தப் பக்கத்தில் வசதியை நிறுத்தியிருக்கிறார்கள் என்ற அறிவிப்பு இருக்கும். சர்ச்சையில் சிக்கி இறந்தவர்களின் பக்கத்தில் இது நடக்கும். அங்கே வழி தேடி அலைய வேண்டாம். அதற்குப் பதில் 'வர்ச்சுவல் சிமெட்ரி' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். நாம் விரும்பும் பதிவுகளைச் சேர்த்து ஒரு தனித் தொகுப்பு ஆக்கிக்கொள்ளலாம், எல்லோரும் பார்க்கும்படியோ நாம் மட்டும் பார்க்கும்படியோ வைக்கலாம். ஒரே தொடரில் நடித்து மறைந்தவர்களை ஒன்றாக வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. வேறு வேறு ஊரில் கிடப்பவர்கள் அங்கே மறுபடி ஒரே கூடத்தில் சேருவார்கள். தளத்தின் மிக அழகான வசதி இது. மெனுவின் மூலையில் ஒளிந்து கிடப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை.

நடிகர்களுக்குப் 'புகழ் மதிப்பீடு' என்று நட்சத்திரக் குறியால் வாக்களிக்கும் வசதியும் பக்கத்தில் இருக்கிறது. இறந்தவரின் பெயருக்குக் கீழே அவர் எவ்வளவு பிரபலம் என்று கேட்பது மனதை உறுத்துகிறது. துக்கத்தில் வருகிறவருக்கு அது வேண்டாத கேள்வி.

செய்தி வந்த அன்றே இந்தத் தளத்துக்குப் போகாதீர்கள். இது வெறும் யோசனை அல்ல, காரணம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பதிவு தொடங்கலாம் என்பதால் மரணச் செய்தி வெளியான சில மணி நேரத்தில் அவசரப் பதிவுகள் முளைப்பதுண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பக்கம், தவறான தேதி, அடக்கம் நடக்கும் முன்பே அடக்க இடம், எல்லாம் அந்த அவசரத்தின் விளைவு. குடும்பம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் அந்நியர் ஒருவர் அவர்களுடைய அப்பாவுக்குக் கல்லறைப் பக்கம் திறந்துவிடும் கொடுமை குறித்துப் புகார்கள் வந்தபின், அண்மையில் இறந்தவர்களின் பக்கங்களில் விவரங்களைக் குறைத்துக் காட்டும் விதியைத் தளம் கொண்டுவந்தது. இரட்டைப் பக்கம் கண்ணில் பட்டால் இரண்டிலும் மலர் வைக்காமல், பிழையைத் தெரிவிக்கும் பொத்தானை அழுத்தி இரண்டு பதிவு எண்களையும் கொடுங்கள், ஒன்றாக இணைப்பார்கள். இறந்தது உண்மைதானா என்பதைக் குடும்பத்தின் அறிக்கையோ நம்பகமான செய்தி நிறுவனமோ சொல்லும்வரை எங்கேயும் எதையும் தொடங்கக்கூடாது. உயிரோடு இருக்கும் நடிகர்களை இணையம் பலமுறை கொன்றிருக்கிறது.

அந்த முதல் நாட்களுக்கு வேறு இடங்கள் பொருத்தம். நடிகரின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கத்தில் குடும்பம் போட்ட கடைசிப் பதிவின் கீழே எழுதலாம். ஆனால் அவை நிரந்தரம் இல்லை. இறப்புச் சான்று கொடுத்துக் கேட்டுக்கொண்டால் அந்தக் கணக்கு 'நினைவுக் கணக்கு' ஆகும், பெயரோடு 'ரிமெம்பரிங்' என்று சேரும், அதற்குப்பின் யாரும் உள்ளே நுழைய முடியாது. முகநூலில் பொதுப்பக்கம் ஒன்றை அந்த நடிகர் ஒருவரே நிர்வகித்து வந்திருந்தால், கணக்கு நினைவுக் கணக்கானதும் அந்தப் பொதுப்பக்கம் நீக்கப்படும். வருடக்கணக்கில் ரசிகர்கள் எழுதியதும் அதோடு போகும். முக்கியமானதைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட் நடைபாதையில் பெயர் பொறித்த நட்சத்திரம் உள்ளவர் என்றால் அவர் இறந்ததும் அந்த நட்சத்திரத்தின் மேல் ஹாலிவுட் வர்த்தக சபை மலர்வளையம் வைக்கும், ரசிகர் கூட்டம் அங்கே சேரும். 'ஸ்டார் வார்ஸ்' நடிகை கேரி ஃபிஷருக்கு 2016 டிசம்பர் 27 அன்று இறந்தபோது நட்சத்திரமே இல்லை. ரசிகர்கள் பெயர் பொறிக்காத ஒரு நட்சத்திரத்தில் அவர் பெயரை ஒட்டித் தாங்களே ஒன்று உண்டாக்கினார்கள். முறையான நட்சத்திரம் வந்தது 2023 மே 4 அன்று. விலங்குகளுக்காகக் குரல் கொடுத்த நடிகை பெட்டி வைட்டின் ரசிகர்கள் செய்தது இன்னொரு வகை. 2021 டிசம்பர் 31 அன்று அவர் மறைந்தார், நூறாவது பிறந்தநாளான 2022 ஜனவரி 17 அன்று அவரவர் ஊர் விலங்குக் காப்பகத்துக்கு அவர் பெயரில் பணம் கொடுத்தார்கள். கல்லறை முகவரி தேவைப்படாத அஞ்சலி அது. எந்த நடிகருக்கும் பொருந்தும்: அவர் வாழ்நாளில் எதற்காகக் குரல் கொடுத்தார் என்று பார்த்து, பிறந்தநாளில் அதற்குக் கொடுப்பது.

நேரில் போகிறவர்களுக்கு, தளம் சொல்லாத சில விஷயங்கள். கல்லில் முத்தமிடுவது பாசம்தான், ஆனால் உதட்டுச்சாயத்தின் எண்ணெய் கல்லின் நுண்துளைக்குள் இறங்கிவிடும். அதை எடுக்கத் தேய்க்கத் தேய்க்கக் கல் கரையும். பாரிஸின் பேர் லாஷேஸ் தோட்டத்தில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் கல்லறையைச் சுற்றி 2011இல் கண்ணாடித் தடுப்பு வைக்க நேர்ந்தது இதனால்தான். மர்லின் மன்றோவின் அறைமுகப்புப் பளிங்கும் தொட்டுத் தொட்டு, முத்தமிட்டு முத்தமிட்டு நிறம் மாறியிருக்கிறது. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டி, மாவு, சவரநுரை எதையும் தடவக்கூடாது. ஒரு சிறு கண்ணாடியால் பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தைத் திருப்பினால் எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். காலை முதல் ஒரு மணி நேரமும் மாலை கடைசி ஒரு மணி நேரமும் படமெடுக்க நல்ல வெயில். நண்பகலில் தரைத்தகடு மொட்டையாகத் தெரியும், எடுப்பவரின் நிழல் குறுக்கே விழும். பூவைச் சுற்றிய நெகிழித் தாளையும் கம்பியையும் கழற்றிவிட்டு வையுங்கள், புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்குவது அவைதான். கண்ணாடிக் குவளை வேண்டாம். பல தோட்டங்களில் வாரத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் அகற்றுவார்கள், எனவே திரும்பப் பெற விரும்பும் எதையும் அங்கே விட்டு வராதீர்கள். கடிதம் எழுதினால் படமெடுத்து வைத்துக்கொண்டு வையுங்கள். பக்கத்துக் கல்லறைக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, அதன்மேல் பையை வைப்பதும் உட்காருவதும் கூடாது.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாலன்டினோவுக்கு 1926 ஆகஸ்ட் 23 அன்று உயிர் பிரிந்தது. அவருக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில், அவர் இறந்த நேரமான பிற்பகல் 12.10க்கு, அதே மாளிகையில் நினைவுக்கூட்டம் நடக்கிறது. தனியாக அழ நினைப்பவர் வேறு நாள் போக வேண்டும், கூட்டத்தில் கரைய நினைப்பவர் அன்றே போக வேண்டும். மன்றோ விஷயத்தில் 1962 ஆகஸ்ட் 4, 5 என இரண்டு தேதியும் புழங்கும். இரவில் இறந்து விடியற்காலையில் கண்டெடுக்கப்பட்டதால் வந்த குழப்பம் அது. கல்லில் '1926–1962' என்று ஆண்டு மட்டுமே இருக்கிறது.

பெரிய நட்சத்திரங்களுக்கு இந்தத் தளம் நல்ல வழிகாட்டி. ஆனால் அவர்களுக்கு இது இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது வழி இருக்கும். துணை நடிகர்களுக்குத்தான் இதை விட்டால் நாதி இல்லை. முப்பது வருடம் தொடர்களில் அம்மாவாகவும் வாத்தியாராகவும் கடைக்காரராகவும் வந்தவர் இறந்தால் மலர்வளையம் வைக்க நடைபாதை நட்சத்திரம் கிடையாது, விருதுவிழா அஞ்சலிக் காட்சியில் பெயர் விட்டுப்போகும். அவருடைய பக்கத்தைத் திறந்தால் பெயரும் இரண்டு தேதியும் மட்டும் இருக்கும். நடிகர் என்றே எழுதியிருக்காது. இதை ஒரு ரசிகர் மாற்ற முடியும். 'சஜெஸ்ட் எடிட்ஸ்' என்ற பொத்தானை அழுத்தி, சரிபார்த்த தேதி, திரைப்பெயர், நடித்த தொடர்கள், கதாபாத்திரத்தின் பெயர் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி அனுப்பினால் அந்தப் பக்கத்தை நிர்வகிப்பவருக்குப் போகும். வேறு யாரோ எழுதிய இரங்கல் கட்டுரையை அப்படியே ஒட்டாதீர்கள், காப்புரிமைச் சிக்கல் வரும். சொந்த நடையில் ஆறேழு வரி போதும். நிர்வகிப்பவர் அந்தக் குடும்பத்து ஆளாகவே இருக்கலாம் என்பதால் 'தயவுசெய்து', 'அனுமதித்தால்' என்ற பணிவோடு எழுதுங்கள்.

கல்லறையின் படம் இல்லை என்றால் 'போட்டோ ரிக்வெஸ்ட்' கொடுக்கலாம். அந்தத் தோட்டத்துக்கு அருகே வசிக்கும் தன்னார்வலர்கள் கண்ணில் அது படும், யாராவது இலவசமாகப் போய் எடுத்து ஏற்றுவார்கள். மனை எண் தெரிந்தால் கோரிக்கையோடு கட்டாயம் எழுதுங்கள், அது இல்லாத கோரிக்கைகள்தான் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. எண் தெரியாவிட்டால் முதலில் தோட்டத்து அலுவலகத்துக்கு முழுப்பெயரும் இறந்த தேதியும் கொடுத்து மின்னஞ்சல் அனுப்பிப் பெறுங்கள். தன்னார்வலர் போய்ப் பார்த்து 'பெயர்க்கல் இல்லை' என்று பதில் எழுதினால் அதுவும் தகவல்தான், மனை எண்ணோடு கூட அதையும் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். படம் வந்ததும் எடுத்தவருக்கு இரண்டு வரி நன்றி எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தில் முதல் மலரை வையுங்கள்.